முதலாளிக்கு நான்கு கை வைத்த கதை

தெரியாததைத் தெரியும் என்று சொல்வதில் இருபது வயதில் எனக்கு நிகர் கிடையாது. நான் அப்படித் ‘தெரிந்து’ வைத்திருந்தவற்றில் இங்கிலீஷும் ஒன்று.

அது யுத்த காலம். தூத்துக்குடியில் நாலைந்து யூதக் குடும்பங்கள் இருந்தன. கடற்கரைச் சாலையில் ஒரு மச்சு அறையை வாடகைக்குப் பிடித்து ஜெப ஆலயமாக வைத்திருந்தார்கள். அவர்களுக்குப் பெரியவர், பஞ்சு வியாபாரம் செய்துவந்த முதலாளி. நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. அந்தச் சமயத்தில் ஐரோப்பாவிலிருந்து ரூத் அம்மாள் வந்து சேர்ந்தார். ஓவியர். வரைந்த படங்களையெல்லாம் அங்கேயே போட்டுவிட்டு உயிரோடு கப்பலேறியவர். தங்கள் வருஷப் பிறப்புக்குள் அறையின் மேற்குச் சுவரில் ஓர் ஓவியம் தீட்ட வேண்டும் என்று அவரைக் கேட்டுக்கொண்டார்கள். கூடமாட வேலை செய்ய ஆள் தேவைப்பட்டது. முதலாளியின் பஞ்சுக் கிட்டங்கியில் மேஸ்திரியாக இருந்த செல்லையா அண்ணாச்சி என்னைக் கொண்டுபோய் விட்டார். நான் சோடாக்கடை போர்டு எழுதுகிறவன்.

இரண்டு பக்கமும் சிங்கங்கள், சுற்றிலும் மாதுளைக் கொடி, நடுவில் நீல வட்டம். (என் பக்கத்துச் சிங்கம் நாய் மாதிரி இருந்தது. ரூத் அம்மாள்தான் திருத்தினார்.) பண்டிகைக்கு முந்தின நாள் அவருக்குக் காய்ச்சல். வீட்டுக்குக் கிளம்பும்போது வட்டத்தைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். அதில் ‘காட்’ என்ற ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது.

“எஸ் மேடம்!” என்றேன்.

சாமியை நடுவில் போடச் சொல்கிறார். இது தெரியாதா? ஆனால் அவர்கள் சாமி எப்படி இருப்பார்? எனக்குத் தெரிந்த யூதப் பெரியவர் ஒருவர்தான். தாடியோடு முதலாளியையே வரைந்தேன். தலையில் கிரீடம். கை நான்கு. ஒன்றில் தாமரை, ஒன்றில் சங்கு, ஒன்று ஆசீர்வாதம். மீதிக் கைக்கு என்ன கொடுப்பதென்று தெரியாமல் ஒரு பருத்திக் கொத்தைக் கொடுத்தேன்.

மறுநாள் பிற்பகல் எல்லோரும் படியேறி வந்தார்கள். முதலாளி சுவரைப் பார்த்தார். சுவரிலிருந்த முதலாளி அவரைப் பார்த்தார்.

“ஏலே, என்னத்தலே வரைஞ்சு வச்சிருக்க?” என்றார் அண்ணாச்சி.

“சாமி, அண்ணாச்சி. அந்த அம்மாதான் சொன்னாவ.”

“தம்பி, எங்க கடவுளுக்கு உருவம் கிடையாது. நாங்க வரைய மாட்டோம்” என்றார் முதலாளி. அதட்டவில்லை. அதட்டியிருந்தால் தேவலை.

ரூத் அம்மாளிடம் கேட்டு, அவர் சொன்னதை முதலாளியே எனக்கு விளக்கினார்: நடுவிடம் கடவுளுக்கு. அதனால் அதில் எதையும் வரையாதே.

சூரியன் அடைந்தால் பண்டிகை தொடங்கிவிடும். அதற்குள் அழிக்க வேண்டும். காய்ச்சலோடு வந்திருந்த ரூத் அம்மாள் நீலத்தைக் கரைத்தார். இரண்டு பூச்சுக்குப் பிறகும் முதலாளியின் கண்கள் மட்டும் தெரிந்தன. அதைப் பார்த்து முதலாளியின் மனைவி, “கை நாலையும் ஏன் அழிச்சிய? ஒரு கையாவது வீட்டு வேலைக்கு ஆகியிருக்குமே” என்றார். முதலாளி அதை இங்கிலீஷில் சொன்ன பிறகுதான் ரூத் அம்மாள் சிரித்தார். சிரித்தபடியே தூரிகையை என் கையில் திணித்தார். மூன்றாவது பூச்சை நான் அடித்தேன். வெளிச்சம் போக இன்னும் கொஞ்சம் இருந்தது. அந்த வெறும் நீலம் என் ஓவியத்தைவிட நன்றாகத்தான் இருந்தது.

பத்து வருஷம் கழித்து நான் சொந்த வீடு கட்டி வெள்ளையடித்தபோது, இந்தக் கதை தெரிந்த என் மனைவி என்னை விளாத்திகுளத்தில் தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

“சுவர் காயுத வரைக்கும் அங்கனயே இருங்க. சொல்லி அனுப்புதேன்.”

ஒரு வாரம் ஆயிற்று, ஆள் வர.