நான் கப்பலாகக் கத்திய நாள்

எனக்குப் பேச்சு வராது. ரேஷன் கடையில்கூட என் மனைவி செல்விதான் பேசுவாள்; நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அப்படிப்பட்ட நான் ஒருநாள், பத்துப் பேர் பார்க்க, கப்பல் மாதிரிக் கத்தினேன்.

அந்தமானில், மாயாபந்தரில் டிங்கிப் படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது என் தொழில். (படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதுவும் வாத்தியார் இரக்கப்பட்டது.) மெயின்லேண்டிலிருந்து வந்த ஓர் ஓவியர் மேடம், கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் பக்கத்துக் கூடத்தில் கண்காட்சி வைத்தார். சுவருக்கு வெள்ளையடிக்க என்னைக் கூப்பிட்டார்.

அவர் படங்களில் மரம், மனுஷன் எதுவும் கிடையாது. ஒலிபெருக்கியின் மேல் தகரத் தகட்டைக் கிடத்தி, கெட்டியான பெயிண்டை ஊற்றுவார். ஜெட்டியில் வைத்த மைக் வழியாகச் சத்தம் வந்ததும் பெயிண்ட் அதிர்ந்து வரிவரியாக எழும்பும். அப்படியே காயவிடுவார். நீலப் படம் ஒன்று, கப்பல் புறப்படும்போது அடித்த ஹாரன். சத்தத்தைக் கண்ணாலும் கேட்கலாம் என்பார். நான் தலையாட்டுவேன். (புரியாத எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன். கல்யாணமே அப்படித்தான் நடந்தது.)

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மேடம் டீ குடிக்கப் போயிருந்தார். நீலப் படத்தைத் தடவினேன். முழுக்க மேடுபள்ளம். எங்கள் தொழிலில் பெயிண்ட் மேடு தட்டினால் அடித்தவனுக்கு அவமானம். உப்புத்தாளால் தேய்க்காமல் டிங்கியைத் தண்ணீரில் இறக்க மாட்டோம். பாவம், அவசரத்தில் விட்டுவிட்டார், நாளைக்கு நாலு பேர் சிரிப்பார்களே என்று தேய்த்தேன். கன்னம் வைத்துப் படுக்கலாம், அப்படித் தேய்த்தேன்.

மேடம் வந்து தடவிப் பார்த்தார்.

"அண்ணா, ஹாரன் எங்க?"

நான் உப்புத்தாளைக் காட்டினேன்.

அழைப்பிதழிலேயே அந்தப் படம்தான். சத்தத்தைப் பதிவு செய்து வைப்பது அவர் வழக்கமில்லை. அடுத்த கப்பலுக்கு ஐந்து நாள். அவர் கண் கலங்கியதும் கடலில் குதித்துவிடலாமா என்றிருந்தது. (நீச்சல் தெரியும் என்பதால் அதுவும் பயனில்லை.)

அப்போது சோறு கொண்டுவந்த செல்வி விஷயத்தைக் கேட்டாள்.

"மேடம், பொண்ணு சின்னதுல அழுதா இவரு கப்பல் ஹாரன் அடிப்பாரு. அசல் கப்பல் தோத்துப்போகும். அடிக்கச் சொல்லுங்க."

மேடம் புதிதாக நீலம் ஊற்றி, மைக்கை என் முன்னால் வைத்தார். வாசலில் ஜெட்டி ஆட்கள் கூடிவிட்டார்கள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது.

"பையா, தோடா ஜோர்ஸே," இன்னும் கொஞ்சம் பலமாக என்று இந்தியில் சொன்னார் மூட்டை தூக்கும் பெங்காலிக்காரர்.

கண்ணை மூடி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். திறந்தபோது நீலம் வரிவரியாக எழுந்து நின்றது. அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கண்காட்சி முடிந்ததும் அந்தப் படத்தை மேடம் எங்களுக்கே கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு யார் வந்தாலும் செல்வி அவர்கள் கையைப் பிடித்து அதன்மேல் வைப்பாள்.

"இது இவரு பேசுனது. தொட்டுப் பாருங்க."

தூசி தட்ட மட்டும் என்னை அதன் பக்கத்தில் விடுவதில்லை.