மாதர் நிகழ்ச்சிக்குக் காத்திருந்தவன்

"அடுத்தவன் வாயை நம்பி அடுப்பை மூட்டாதே" என்றோ, "அடுப்பை நம்பி அடுத்தவனைக் கூப்பிடாதே" என்றோ என் பெரியப்பா ஒன்று சொல்வார். எது சரி என்று ஞாபகமில்லை. போன செவ்வாய்க்கிழமை நான் இரண்டையும் செய்தேன்.

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை இவ்வளவுதான்: ஒரு குழம்பை இறக்க வேண்டும். ஒரு குழாயைத் திறக்க வேண்டும்.

என் மனைவி வசந்தா, காஞ்சன்பாக்கில் இருக்கும் அவள் அக்காவையும் அக்கா வீட்டுக்காரரையும் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூட்டிவரக் கிளம்பினாள். அக்கா வீட்டுக்காரர், அதாவது என் சகலை. பல வருஷம் தான்சானியாவில் ஒரு பவர் ஹவுஸில் குப்பை கொட்டிவிட்டு, இந்தத் தெலுங்கு ஊரில் ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டுக்கு நான் திரும்பியதிலிருந்து, பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஒரே கேள்வி.

"என்ன சகலை, எந்த ஸ்விட்சுக்கு எந்த லைட்டு எரியுதுன்னு தெரிஞ்சுதா?"

அந்த ரோஷத்தில்தான் வசந்தாவிடம் சொன்னேன். "நீ நிம்மதியா போயிட்டு வா. பவர் ஹவுஸையே பார்த்துக்கிட்டவன். ஒரு குழம்பைப் பார்த்துக்க மாட்டேனா?"

"சரி, கேட்டுக்குங்க. ரேடியோவுல டாக்டர் பேச்சு ஆரம்பிச்சதும் கடலைக் குழம்பை சிம்ல வைங்க. மாதர் நிகழ்ச்சி ஆரம்பிச்சதும் இறக்கிட்டு, வாசல் குழாயைத் திறந்து தொட்டியை ரொப்பிடுங்க. இன்னிக்கு விட்டா தண்ணி நாளை மறுநாள்தான்."

"எத்தனை மணிக்குன்னு சொல்லு."

நான் ஏதோ சுவாஹிலியில் கேட்டுவிட்ட மாதிரி பார்த்தாள். "மணியா? மாதர் நிகழ்ச்சி ஆரம்பிக்கிறப்போங்க!"

எங்கள் வீட்டில் அப்படித்தான். சமஸ்கிருத நியூஸ் வந்தால் வாசல் தெளிக்க வேண்டும். இங்கிலீஷ் நியூஸ் முடிந்தால் எங்கள் பெண் காலேஜ் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். விவசாயிகள் நிகழ்ச்சி என்றால் விளக்கேற்றும் நேரம். கூடத்துச் சுவர்க் கடிகாரம் எப்போதோ நின்றுபோய், பல்லிக்கு வீடாக இருக்கிறது. வந்த வாரமே அதற்கு ஒரு செல் வாங்கினேன். "அப்புறம் போட்டுக்கலாம்" என்றாள் வசந்தா. செல் மேஜை டிராயரிலேயே கிடக்கிறது.

ரேடியோவில் முள் நிற்க வேண்டிய இடத்தில், கண்ணாடி மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறாள்.

"முள்ளை மட்டும் தொட்டுடாதீங்க" என்பது அவளுடைய கடைசி உத்தரவு.

கொஞ்சம் தள்ளி ஒரு கறுப்புப் பொட்டும் இருந்தது. முகம் கழுவும்போது கழற்றி ஒட்டியிருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

ரேடியோவில் டாக்டர் வந்தார். அடுப்பைப் பற்றவைத்துக் குழம்பை சிம்மில் வைத்தேன். சர்க்கரை வியாதி பற்றித் தெலுங்கில் பேசினார். சாப்பிடக் கூடாதவை மூன்று இருக்கின்றனவாம். ஒன்று, மாம்பழம். இரண்டு, உருளைக்கிழங்கு. மூன்று...

பெரிய இரைச்சல்! டாக்டரைக் காணோம். ஆயிரக்கணக்கான பேர் கத்துகிறார்கள். ஒருவர் இந்தியில் மூச்சுவிடாமல் பேசுகிறார். டெஸ்ட் மேட்ச்!

சரி, கொஞ்ச நேரம் காட்டிவிட்டு மாதரிடம் வருவார்கள் என்று உட்கார்ந்தேன்.

வரவில்லை. இந்திக்காரர் களைத்ததும் இங்கிலீஷ்காரர் வந்தார். பந்து ஒருவர் காலில் பட்டது. அது அவுட்டா இல்லையா என்று ஒரு வியாக்கியானம். அடுப்படியிலிருந்து லேசாக ஒரு வாசனை.

யாரும் கேட்கலாம், வாசனை வந்தால் இறக்க வேண்டியதுதானே என்று. நான் பவர் ஹவுஸ்காரன். உத்தரவில் இல்லாமல் ஒரு வால்வைத் தொட மாட்டோம். அப்படியே வளர்ந்துவிட்டோம்!

ஆட்டக்காரர்கள் தண்ணீர் குடிக்க இடைவேளை விட்டார்கள். ஆகா, இப்போது மாதர்தான் என்று எழுந்தே நின்றேன்.

ஒரு நிபுணர் வந்தார்.

பொறுக்க முடியாமல் காம்பவுண்டு சுவர்ப் பக்கம் போனேன். அடுத்த வீட்டு காதர் பாய் லீவு போட்டுவிட்டு, டிரான்சிஸ்டரைக் காதோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"காதர் பாய், மாதர் நிகழ்ச்சி... லேடீஸ் புரோகிராம் எப்போ வரும்?"

என்னை மேலிருந்து கீழே வரை பார்த்தார். "லேடீஸ் புரோகிராம் ஆப்கு கைக்கு ஹோனா, சாப்?"

உங்களுக்கு எதற்கு என்கிறார். குழம்பு இறக்க என்றேன். மரியாதையாக டிரான்சிஸ்டரின் சத்தத்தைக் குறைத்தார். "தபியத் டீக் ஹை நா?"

உடம்பு சரியாகத்தான் இருந்தது. குழம்புக்குத்தான் சரியில்லை. திரும்பிப் பார்த்தால் ஜன்னல் வழியாகப் புகை!

அதே நேரம் காலேஜில் ஸ்ட்ரைக் என்று என் பெண் சித்ரா உள்ளே நுழைந்தாள். அவளுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் வேறு எதிலாவது வரும்.

"அப்பா! வாட் இஸ் பர்னிங்?"

"மாதர் நிகழ்ச்சி இன்னும் வரலைம்மா!"

ரேடியோவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். "மேட்ச் டே ஹை நா அப்பா! பிளாக் பொட்டு!"

ஒரே திருப்பு. முள் கறுப்புப் பொட்டில் போய் நின்றது. மேட்ச் நாளில் மற்ற நிகழ்ச்சியெல்லாம் அந்த ஸ்டேஷனுக்கு மாறிவிடுமாம். சாந்தமாக ஒரு பெண் குரல், மாதர் நிகழ்ச்சி இத்துடன் நிறைவடைகிறது என்று தெலுங்கில் சொல்லி விடைபெற்றது.

வாசலுக்கு ஓடிக் குழாயைத் திறந்தேன். புஸ் என்று ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான்.

உள்ளே பாத்திரத்தின் அடியில் கடலை, கரியாய்ப் பளபளத்தது. டாக்டர் சொல்ல வந்த மூன்றாவது இதுதானோ?

ராத்திரி விருந்து: கடை இட்லிப் பொட்டலம். கை கழுவ: காதர் பாய் வீட்டு பக்கெட் தண்ணீர். சகலை இட்லியைப் பிட்டபடி கேட்டார். "ஸ்கோர் என்ன சகலை?"

"தெரியலை."

"காலையிலேருந்து அதைத்தானே கேட்டீங்களாம்!"

"நான் மாதர் நிகழ்ச்சிக்காக உட்கார்ந்திருந்தேன்."

இட்லி புரையேறிவிட்டது அவருக்கு. அந்த ஒரு பக்கெட்டில் பாதி அதற்கே போனது.

"கறுப்புப் பொட்டை நீ சொல்லவே இல்லையே" என்றேன் வசந்தாவிடம்.

"அதைக்கூடவா சொல்லணும்? இந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியுமே!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது போல. என் தட்டில் இன்னொரு இட்லி வைத்தாள். நான் இல்லாத அத்தனை வருஷமும் இந்த வீட்டில் வேளை தவறாமல் பேசிக்கொண்டிருந்தது அந்த ரேடியோப் பெட்டிதான்.

மறுநாள் சமஸ்கிருத நியூஸுக்கு எழுந்தேன். கடிகாரத்துக்கென்று வாங்கி டிராயரில் கிடந்த செல்லை எடுத்து டார்ச்சில் போட்டேன்.