பிரவுசரை வேகப்படுத்தப் போய்

என் வீட்டில் வேறு யாருக்கும் கம்ப்யூட்டர் தெரியாது. எனக்குத் தெரியும் என்று நான் நம்பியதற்கு இருந்த ஒரே ஆதாரம் அதுதான்.

அப்பாவோ அவருடைய அண்ணன் தம்பிகளோ மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதில்லை. நான் பி.காம். ஒக்கலிபுரத்தில் எங்கள் சந்தில் கேஸ் புக் பண்ணுவது, ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது எல்லாம் என் பழைய லேப்டாப்பில்தான். "கம்ப்யூட்டர் தம்பி இருக்கானா?" என்று கேட்டு ஆள் வரும்போது அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். (என் முகத்தைப் பார்த்திருந்தால் அறையத் தோன்றியிருக்கும்.)

என் தங்கை மகா நர்சிங் கவுன்சலிங்கில் இருந்த நேரம் அது. எந்தக் காலேஜ் வேண்டும் என்று வரிசையாகக் குறித்து வைத்திருந்தாள். கடைசியாக ஒரு பட்டனை அழுத்தி உறுதி செய்ய வேண்டியதுதான் பாக்கி. அன்று மாலை நான்கு மணிக்குள் அழுத்தாவிட்டால் அந்த வருஷம் சீட் கிடையாது. சீட் இல்லையென்றால் தன்னோடு கார்மென்ட்ஸ் வேலைக்குக் கூட்டிப்போவதாக அம்மா ஏற்கெனவே சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

மதியம் ஒரு மணிக்குக் கவுன்சலிங் பக்கத்தைத் திறந்தோம். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"விடுண்ணா, சுத்தட்டும். மெதுவா வருது, ஆனா வருதில்ல?" என்றாள் மகா.

பி.காம். படித்தவன் வீட்டில் பிரவுசர் மெதுவாக வருவதா? இன்னொரு ஜன்னலைத் திறந்து, பிரவுசரை வேகமாக்குவது எப்படி என்று தேடினேன். முதலில் வந்ததே ஒரு இலவச மென்பொருள். கம்ப்யூட்டரையே புதுசு மாதிரி ஆக்கித் தருமாம். இறக்கினேன். கார் மீட்டர் மாதிரி ஒரு முள் வந்தது. அது இடமும் வலமும் துடித்துவிட்டு சிவப்பில் போய் நின்றது. ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பிரச்னைகள்!

எனக்கு வியர்த்துவிட்டது. பட்டியலின் கடைசியில் இன்னொரு எச்சரிக்கை: 'உங்கள் இணைப்பில் அறிமுகமில்லாத சாதனம் உள்ளது. நீங்கள் கண்காணிக்கப்படலாம்.'

"மகா, யாரோ நம்மளப் பாக்கறாங்க" என்றேன் மெதுவாக.

"நம்மள என்னத்துக்குப் பாக்கணும்?"

இவள் ஏன் இவ்வளவு அலட்சியமாக இருக்கிறாள் என்று அவள் மேலும் ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. ஆனால் வலுவான சந்தேகம் கீழே மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இம்ரான் பாய் மேல். வைஃபை அவருடையது. கேட்காமலே பாஸ்வேர்ட் கொடுத்த மனுஷன். ஏன் கொடுத்தார்? (இணைப்பே அவருடையது என்றால் அதில் அறிமுகமில்லாத சாதனம் நாங்கள்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.)

படியிறங்கிப் போய் நேராகவே கேட்டேன். "பாய், உண்மையச் சொல்லுங்க. எங்க கம்ப்யூட்டருக்குள்ள நீங்க இருக்கீங்களா?"

பாய் ஒரு போனைப் பிரித்துப் போட்டிருந்தார். தலை நிமிரவில்லை. "நான் கடைக்குள்ள இருக்கேன் தம்பி. காலைலருந்து டீ குடிக்கக்கூட வெளிய போகல."

மழுப்புகிறார் என்று முடிவு செய்தேன். மேலே வந்து, 'அனைத்தையும் சரிசெய்' என்ற பச்சைப் பட்டனை அழுத்தினேன். ஊரையே சந்தேகப்பட்ட நான், முகம் தெரியாத எவனோ செய்த அந்த மென்பொருளை மட்டும் சந்தேகப்படவில்லை.

அது சரிசெய்தது. பிரவுசர் மூடித் திறந்தபோது முகப்பே மாறிப்போய், எங்களுக்குச் சம்பந்தமில்லாத விளம்பரங்கள் வழிந்தன. கவுன்சலிங் பக்கம் புதிதாக உள்ளே வரச் சொல்லி பாஸ்வேர்ட் கேட்டது.

"போடுண்ணா."

போடலாம்தான். ஆனால் அந்த பாஸ்வேர்டை உருவாக்கியது பிரவுசர். சேமித்து வைத்திருந்ததும் பிரவுசர். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நான் அதைப் பார்க்கக்கூட இல்லை. இப்போது சேமித்ததையெல்லாம் அந்த மென்பொருள் குப்பை என்று துடைத்துவிட்டிருந்தது. எங்களுடையது மட்டுமில்லை, சந்து முழுவதற்கும் உள்ள பாஸ்வேர்டுகள்.

மகா மணி பார்த்தாள். இரண்டே முக்கால். அவள் திட்டியிருந்தால் தேவலை.

பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று அழுத்தினால், பதிவு செய்த போனுக்கு ஓ.டி.பி. போகும். பெற்றோர் நம்பர்தான் தர வேண்டும் என்பதால் அப்பா நம்பரைத் தந்திருந்தோம். அப்பா சிட்டி ரயில்வே ஸ்டேஷனில் பெட்டி கழுவும் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தார். எழுத்து தெரியாதே தவிர, பெட்டி நம்பர் பார்த்துப் பார்த்து எண் தண்ணி பட்ட பாடு. ஆறு எண்ணைச் சொன்னால் போதும். அழைத்தேன்.

"அப்பா, உனக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும். அதுல இருக்கற நம்பரச் சொல்லு."

"யார் பேசறது?"

"நான்தாம்ப்பா, குமாரு!"

"அப்படியா? சரி, வச்சிடு போனை."

இதற்குக் காரணம் நான்தான். இரண்டு மாதம் முன்பு, யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லக் கூடாது என்று அப்பாவுக்குப் பயிற்சி கொடுத்திருந்தேன். அவர் வாசலில் உட்கார்ந்திருப்பார். நான் சமையல் மூலையில் நின்றுகொண்டு பேங்க் மேனேஜர் குரலில் போன் பண்ணுவேன். முதல் மூன்று தடவை பாவம், மரியாதையாக எண்ணைச் சொல்லிவிட்டார். நான் கத்தினேன்: "என் நம்பர்லருந்தே கூப்பிடுவாங்கப்பா, என் குரல்லயே பேசுவாங்க, நானே அழுதாலும் சொல்லாத!" நான்காவது தடவை பாஸானார். அதன்பிறகு ஃபெயிலே ஆகவில்லை.

மறுபடி அழைத்தேன். "அப்பா, மகா சீட்டு போயிடும்ப்பா!" என்று குரல் உடைந்தே விட்டது.

"அழு அழு. அழுவீங்கன்னு என் புள்ள ஏற்கெனவே சொல்லிட்டான்" என்றார் அப்பா, பெருமையாக.

சத்தம் கேட்டு இம்ரான் பாய் மேலே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் போனை வாங்கினார். "அண்ணே, நான் இம்ரான் பேசறேன். நம்ம பையன்தான் அண்ணே, பக்கத்துலயே நிக்கறான்."

"ஓ, ரெண்டு பேரா சேர்ந்துட்டீங்களா?" அப்பா போனையே அணைத்துவிட்டார்.

பாய் என்னைப் பார்த்தார். கீழே கடையில் நான் கேட்ட கேள்வி அவர் முகத்தில் இருந்தது; வாயில் வரவில்லை. "ஸ்கூட்டர் எடுக்கறேன், வா" என்றார்.

ஸ்டேஷனில் அப்பாவைக் கண்டுபிடிக்கும்போது மூன்று இருபது. கையில் பிரஷ், கால் முழுக்க நுரை. மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். அணைத்திருந்த போனைப் போட்டார். பழைய எண் காலாவதியாகியிருந்தது. மகா வீட்டிலிருந்து மறுபடி அனுப்ப வைத்தாள். அப்பா தனக்கு மட்டும் தெரிகிற மாதிரி திரையைப் பிடித்துப் பார்த்தார்.

"சொல்லுப்பா, மகாவுக்கு போன்ல சொல்றேன்."

"போன்லயா?" அப்பா போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். "போன்ல சொல்லக் கூடாதுன்னு சொன்னது நீயா, வேற எவனாவதா?"

வீட்டுக்கு வந்து தன் கையாலேயே போடுவார். அதுதான் முடிவு. மேஸ்திரியிடம் அவசரம் என்று சொல்லிவிட்டு, ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேர், நடுவில் ஈர பேன்ட்டோடு அப்பா. போலீஸுக்குப் பயந்து பாய் சந்து சந்தாகப் புகுந்து ஓட்டினார். "மெதுவாப் போ பாய்" என்று அப்பா, "வேகமாப் போங்க பாய்" என்று நான்.

மூன்று நாற்பதுக்கு லேப்டாப் முன்னால். அந்த வட்டம் இன்னமும் சுற்றிக்கொண்டிருந்தது. பாய் எட்டிப் பார்த்தார்.

"அரே, இது என்னா தம்பி? நாப்பத்தேழு ஜன்னல் தெறந்து வச்சிருக்கே?"

எப்போதாவது படிக்கலாம் என்று நான் மூடாமல் வைத்திருந்த பக்கங்கள். அந்த மென்பொருள் பாஸ்வேர்டுகளைத் துடைத்ததே தவிர, இவற்றைப் பத்திரமாக மீண்டும் திறந்து வைத்திருந்தது. பாய் எல்லாவற்றையும் மூடினார், மென்பொருளையும் பிடுங்கி எறிந்தார். பக்கம் பட்டென்று வந்தது. ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பிரச்னைகளில் முக்கியமானது நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

இன்னொரு ஓ.டி.பி. வந்தது. அப்பா எங்கள் எல்லோரையும் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஈர விரலால் ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகத் தேடி அடித்தார். மூன்று ஐம்பத்தொன்றுக்கு மகா பட்டனை அழுத்தினாள். சீட் கிடைத்தது. பாயிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வாரம் ஆனது. "அடப் போப்பா" என்றார்.

போன வருஷம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், மகா நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே. கண்ணில் கட்டோடு படுத்திருந்தவரிடம் மகா ஃபைலும் மாத்திரையுமாக வந்து, முறைப்படி, "பேஷன்ட் பேர் சொல்லுங்க" என்றாள்.

"முதல்ல நீ யாரு?"

"மகாதாம்ப்பா."

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க. உங்கண்ணன் கம்ப்யூட்டர என்னா பண்ணான், அதச் சொல்லு."

மகா சொன்னாள். பச்சைப் பட்டனிலிருந்து ஸ்கூட்டர் வரைக்கும், நடித்துக் காட்டி, வார்டுக்கே கேட்கும்படி. நான் ஃபிளாஸ்க்கோடு பக்கத்தில் நின்றேன். கதை முடிந்த பிறகுதான் அப்பா மாத்திரைக்கு வாயைத் திறந்தார்.

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துச் சிரித்து, "கதை நல்லாயிருக்கு, இனி நாங்க சொன்னாலும் உங்க பொண்ணுன்னு நம்பிடுவீங்களா?" என்று கேட்டார். அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் அடையாளக் கேள்வியை மாற்றியாக வேண்டுமாம்.

"டேய் குமாரு, சீக்கிரம் வேற எதையாவது பண்ணி வைடா" என்றார்.