முந்நூறு டாக்டரம்மாக்களுக்குப் போன கடிதம்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் பணிவுடன் எழுதுவது. சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் எனக்கு வேலை போகப்போகிறது. ஆகவே உங்கள் செருப்புக்கடையில் எனக்கு ஓர் இடம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் குமாஸ்தாவாக இருக்கும் மகளிர் மருத்துவர் சங்கம், முப்பது தாண்டிய பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று ஊருக்கே விதிமுறை சொல்லும் சங்கம். சங்க மாடியிலேயே நடக்கும் அந்தப் பரிசோதனைக்கு வராமல் டிமிக்கி கொடுக்கும் பெண்களுக்கு நினைவூட்டல் அனுப்பச் சொன்னார்கள். நானும் உருகி உருகி, "அன்புச் சகோதரி, சாக்குச் சொன்னது போதும், பயப்படாமல் வாருங்கள், பத்து நிமிட வேலை" என்று அடித்து, முகவரிச் சீட்டுகளை ஒட்டி அனுப்பிவிட்டேன். ஒட்டியது சங்க உறுப்பினர்களின் முகவரி, அத்தான். முந்நூறு பேரும் பெண் டாக்டர்கள். மறுநாள் போன் ஓயவில்லை. "யோவ், எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்றார் ஒரு டாக்டரம்மா. பழக்கதோஷத்தில், "கடைசியா எப்ப பண்ணிக்கிட்டீங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன். உடனே குரலைத் தாழ்த்தி, "மத்தியானம் இடம் இருக்கா?" என்றார். அடுத்தவரும் அப்படியே. மூன்றாம் நாள் எங்கள் மாடிப் பரிசோதனை அறை வாசலில் டாக்டரம்மாக்கள் வரிசை, ஆளுக்கொரு பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டு.

சங்கத் தலைவி என்னைக் கூப்பிட்டார். அந்த விதிமுறையை எழுதியவரே அவர்தான். "சங்கத்தோட மானத்தையே வாங்கிட்டீங்க. திங்கக்கிழமை கமிட்டி. வேற வேலை பாத்துக்குங்க." என் வாய் சும்மா இருக்குமா? "நீங்க எப்ப பண்ணிக்கிட்டீங்க மேடம்?" என்றேன். கதவைக் காட்டினார். இருபது வருஷ வேலை அத்தான்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோரும் நோய்நொடியின்றி இருக்க வேண்டுகிறேன்.

தங்கள்
மைத்துனன்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போட மறந்து பத்து நாளாகப் பையிலேயே சுமந்திருக்கிறேன். நல்லதாகப் போயிற்று, கடை வேலை வேண்டாம். எனக்குக் கதவைக் காட்டிய அன்று சாயங்காலமே தலைவியும் அந்த வரிசையில் போய் நின்றிருக்கிறார், பதினோரு வருஷத்துக்குப் பிறகு. அவருக்கு இருந்த கோளாறைப் புற்றுநோயாக மாறுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள், சின்னச் சிகிச்சை போதுமாம். கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கமிட்டியில் என் பெயர் வந்தபோது அவரே எழுந்து, "இவரை நீக்க வேணாம். வருஷா வருஷம் இதே மாதிரி தப்பா அனுப்பட்டும்" என்றார்.