மேசை ரம்பத்துக்கு வந்த ஆபத்து

மனைவி திட்டவில்லை. திருப்புளியாருக்கு அதுதான் பயமாக இருந்தது.

தெரு வைத்த பெயர் அது. எதைக் கொடுத்தாலும் கழற்றிவிடுவார். திரும்ப மாட்டுவது மற்றவர் பொறுப்பு. அப்பேர்ப்பட்டவர், சமையலறைக்கு அலமாரி செய்தே தீருவேன் என்று சபதம் போட்டு, மேசை ரம்பம் ஒன்றை வாங்கிப் பின்கொட்டகையில் நிறுத்தினார். பலகையின் ஓரத்தில் படி மாதிரி வெட்டி, அதில் அடுத்த பலகையை உட்கார வைக்க வேண்டும். முதல் வெட்டிலேயே விபரீதம். வெட்டுப்பட்ட குச்சி பிளேடுக்கும், பலகையை அணைத்துத் தள்ளுவதற்கான பக்கச் சட்டத்துக்கும் நடுவில் மாட்டி, அம்பாகப் பாய்ந்து, கொடியில் காய்ந்த அவர் சட்டையைத் துளைத்தது. சரியாக வயிறு இருக்கிற இடம்.

ஒரு கரண்டி கீழே விழுந்தாலே ஊரைக் கூட்டுகிறவள், ஓட்டையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனாள். மறுநாள் சிரித்த முகத்தோடு காபி வேறு கொண்டுவந்தாள்.

"ஏங்க, அந்தக் குச்சி ஏன் பறந்துச்சு?"

"உனக்கெதுக்கு அது?"

"சும்மாதான்."

"வெட்டுற குச்சி சட்டத்துப் பக்கம் இருக்கக்கூடாது. வெளிப்பக்கமா விழணும். நான் பலகையை மாத்தி வெச்சுட்டேன்."

"அப்போ கையை எங்க வெக்கணும்?"

"கையே கிட்ட போகக்கூடாது. கட்டையால தள்ளணும்."

"ஓஹோ. பிளேடு எவ்வளவு மேல நிக்கணும்?"

உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனவருக்கு, சொல்லி முடித்ததும் பொறி தட்டியது. கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சை அவள் இவ்வளவு நேரம் கேட்டதே கிடையாது. யாருக்காகக் கேட்கிறாள்? வேறு யார், அவள் தம்பிதான்! மெஷினை இறக்கிய அன்றே மச்சினன் அதைத் தடவித் தடவிப் பார்த்தானே! வீட்டில் எல்லா அறையும் அவளுடையது. கொட்டகை ஒன்றுதான் அவருக்கு மிச்சம். அங்கிருந்து ரம்பமும் போய்விட்டால் மனுஷன் எங்கே போவார்?

சந்தேகம் வலுத்தது. வேலை முடிந்து திரும்பும்போதெல்லாம் கொட்டகைத் தரையில் புது மரத்தூள். சட்டம் இடம் மாறியிருந்தது. பயல் வந்து ஓட்டிப் பார்க்கிறான்!

ஒரு நாள் வேலைக்குக் கிளம்புவது போலக் கிளம்பி, பின்பக்கமாகச் சுற்றி வந்து, கொட்டகையில் சாத்தியிருந்த ப்ளைவுட்டுக்குப் பின்னால் பதுங்கினார். தும்மல் வந்தது. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கதவு திறந்தது. வந்தவள் மனைவி. கண்ணில் அவருடைய பாதுகாப்புக் கண்ணாடி. ரம்பம் ஓடியது. பலகையைச் சட்டத்தோடு அணைத்து, கட்டையால் நிதானமாகத் தள்ளினாள். குச்சி வெளிப்பக்கம் சாதுவாக விழுந்தது. ஓடுகிற ரம்பத்தின் முன் நிற்பவரைத் திடுக்கிட வைக்கக் கூடாதே! திருப்புளியார் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். பிளேடு நின்றதும் பாய்ந்து வந்தார்.

"உன் தம்பிக்குத்தானே இதெல்லாம்?"

"எதெல்லாம்?"

"மெஷின்! அவனுக்குத் தள்ளிவிடத்தானே இந்த ஒத்திகை?"

"அவனுக்கா? அவன் ஆணி அடிச்சா சுவரே விழும்! உங்க வயித்துல ஓட்டை விழறதுக்குள்ள அலமாரியை நானே முடிச்சிடலாம்னு பார்த்தேன்."

பழைய சாமான் என்று அவர் நினைத்திருந்த மூலைக் குவியலின் மேலிருந்த போர்வையை அவள் விலக்கினாள்; உள்ளே முக்கால்வாசி அலமாரி நின்றது. ஒவ்வொரு பலகையும் அதனதன் படியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அவருக்குப் பொறாமையில் காது சிவந்தது. ஆனாலும் ரம்பம் தப்பித்ததே!

"அப்போ மெஷின் எங்கயும் போகாதுல்ல?"

"அது ஏங்க போகப்போகுது?" என்றபடி அடுத்த பலகையை எடுத்தாள். "நீங்கதான் கொஞ்சம் வெளிய போகணும். இடம் பத்தல."