முப்பது அண்ணனும் முரட்டு சர்வரும்

இந்த உலகத்தில் உள்ள சர்வர்கள் எல்லாம் ஒரே ஒரு மனிதருக்குத்தான் பயப்படும். அவர் எங்கள் 'முப்பது' அண்ணன்.

ரெம்பாவ் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் எடை மேடையில் கணக்கெழுதும் கிராணி நான். லாரிகள் கொண்டுவரும் பழக் குலைகளின் எடை, பின்னறையில் உர மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய கணினியில் பதிவாகும். அதுதான் சர்வர். அது படுத்தால் ஆலையே படுத்துவிடும்.

படுத்ததும் பழுது பார்க்கத் தெமியாங்கிலிருந்து அண்ணன் மோட்டார் சைக்கிளில் வருவார். ஒயரைப் பிடுங்கி, பவர் பொத்தானை அழுத்தியபடி கண்ணை மூடி முப்பது வரை சத்தமாக எண்ணுவார். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய வேண்டுமாம். நடுவில் யாராவது இருமினால் மறுபடி ஒன்றிலிருந்து. ஒருமுறை லாரிக்காரர் ஒருவர் தும்மல் வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடினார். அங்கே தும்மியதுகூட இங்கே கேட்டுவிட்டது. ஒன்று, இரண்டு...

எங்கள் சர்வரின் குறைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். விசைப்பலகை செருகாவிட்டால் அது எழாது. அதற்காகவே எழுத்தெல்லாம் அழிந்த ஒரு பலகை அதில் தொங்கியது. மின்சாரம் போய் வந்தால் தேதி பின்னால் ஓடும். ஒருநாள் காலையில் ஓட்டுநர் ஒருவருக்கு, அவர் பிறப்பதற்கு முந்தைய தேதியில் சீட்டு அடித்துக் கொடுத்தது.

"இதைச் செஞ்ச கம்பெனிக்காரனே இதெல்லாம் கோளாறுதான்னு எழுதிப் போட்டுட்டான் தங்கச்சி. ஆனா சரி பண்ண மாட்டான் லா. ரோட்டுல குழி இருந்தா சுத்திப் போறோமில்ல, அந்த மாதிரி போவணும்" என்பார்.

தொடுதிரையின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிய ஒரு சீட்டை ஒட்டியிருந்தார்: 'அப்டேட் கேட்டால் பிறகு என்று மட்டும் அழுத்தவும்.' புது அப்டேட்டுக்கு எங்கள் பழைய வட்டுகளை அடையாளம் தெரியாதாம். சர்வர் வாரா வாரம் கேட்கும். நானும் வாரா வாரம் 'பிறகு' என்பேன்.

ஒருநாள் புது மேனேஜர் என் பின்னால் வந்து நின்றார். "என்னம்மா, பாவம் அது கேட்டுக்கிட்டே இருக்கு. அழுத்துங்க லா!"

பெரிய ஆட்கள் முன்னால் எனக்கு வாய் வராது. சீட்டைக் காட்டத்தான் விரலை நீட்டினேன். நீட்டிய விரல் 'இப்போதே' என்ற பொத்தானில் போய் நின்றது.

அணைந்த சர்வர் எழவே இல்லை. வாசலில் பதினொரு லாரிகள். குலைகள் வெயிலில் கிடந்தன.

"யாரு அழுத்துனது?" என்றார், பக்கத்திலேயே நின்றிருந்த மேனேஜர். "ரிப்போர்ட்ல உங்க பேருதான் போவும். மேலிடத்துல வேற கிராணி கேக்கப்போறேன்."

எங்கள் வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான்.

அண்ணன் வந்தார், எண்ணினார். அன்று மேனேஜர்கூட மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். முப்பது முடிந்ததும் அண்ணன் சொன்னார்: "இப்ப ஒரு பட்டியல் வரும். மூணே செகண்டுதான் நிக்கும். அதுல பழைய பதிப்பைப் பிடிக்கணும்." பட்டியல் வந்தபோது அவர் கண்ணாடியில் வியர்வை வழிந்தது. "எனக்குக் கண்ணு தெரியல தங்கச்சி! நீ அழுத்து!"

முதல் தடவை தவறவிட்டேன். இரண்டாம் தடவை பிடித்துவிட்டேன். சர்வர் உறுமிக்கொண்டு எழுந்தது.

மேனேஜர் ரிப்போர்ட் தாளை எடுத்தார். அண்ணன் பிரிண்டரை ஓடவிட்டார். காகிதம் வந்துகொண்டே இருந்தது.

"என்ன இது?"

"யாரு, எப்ப, எதை அழுத்துனாங்கன்னு சர்வர் எழுதிவச்ச கணக்கு சார். இந்தத் தங்கச்சி மூணு வருசமா ஒரு வாரம் விடாம 'பிறகு'தான் அழுத்தியிருக்கு. இன்னிக்கு மட்டும் மாறியிருக்கு. பக்கத்துல யாரு நின்னாங்கன்னு இதுக்கு எழுதத் தெரியல. அதை மட்டும் நீங்க எழுதிடுங்க."

மேனேஜர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை மூடினார். "மெஷின் கோளாறுன்னு போட்டுக்கலாம்."

அண்ணனுக்கு நன்றியாகப் பால் விடாத தேநீர், ஒரு தே ஓ வாங்கி வைத்தேன். "சீனி ஜாஸ்தி" என்று திட்டிக்கொண்டே குடித்துவிட்டுப் போனார்.

இப்போது புது சர்வர் வந்துவிட்டது. மூன்று மாதமாக ஒரு தடவைகூடப் படுக்கவில்லை. அண்ணனும் வரவில்லை. யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒயரை லேசாக உருவிவிடலாமா என்று இரண்டு தடவை யோசித்துவிட்டேன்.