மணலூர்பேட்டைக்காரர்கள் பார்த்த கூந்தல்

கள்ளக்குறிச்சி,
புதன்கிழமை, மதிய லுஹர் தொழுகைக்குப் பின்.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மச்சான் சர்புதீன் அவர்களுக்கு, தங்கள் தங்கை காசிம் பீவியின் வீட்டுக்காரன் ஷேக் தாவூது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் வீட்டில் அவர்களும் பிள்ளை நிஷாத்தும் நல்ல சுகத்தோடு இருக்க துஆ செய்கிறேன். இங்கே எங்களுக்கு உடம்பளவில் குறைவில்லை. மனசளவில் சனிக்கிழமையிலிருந்து நான் ஆளாகவே இல்லை. போனில் சொல்ல இரண்டு தடவை முயன்றேன், இரண்டு தடவையும் நீங்கள் பாதியில் சிரித்துவிட்டு வைத்துவிட்டீர்கள். எழுதினால் முழுதும் படிப்பீர்கள் என்றுதான் இந்தக் கடிதத்தை மணலூர்பேட்டை பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பப் போகிறேன்.

உங்கள் மருமகன் ரியாசுதீனின் முடி விஷயம் உங்களுக்குத் தெரியும். ரம்ஜானுக்கு வந்தபோது உங்கள் கண்ணால் பார்த்தீர்கள், நடு முதுகு வரைக்கும் தொங்கியது. இந்த ஊரில் முப்பது வருஷமாகப் பேன்சி ஸ்டோர் வைத்து, ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கிளிப்பும் ரிப்பனும் சவுரி முடியும் விற்றவன் நான். என் கடை ரப்பர் பேண்டை என் மகனே தலையில் போட்டுக்கொண்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிடுவான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஏதோ சோம்பலில் வளர்க்கிறான், ஒரு மாசத்தில் வெட்டிவிடுவான் என்று முதலில் சும்மா இருந்தேன். சோம்பேறி செய்கிற வேலையா அது? சொட்டுநீர்க் குழாய் கம்பெனிக்காக கச்சிராயபாளையம் பக்கம் கரும்புத் தோட்டங்களுக்குப் போகிறவன், அப்படியே கல்வராயன் மலையேறி வெள்ளிமலையில் தங்கமணி என்கிற அம்மாவிடம் சீயக்காய் வாங்கிக்கொண்டு வருவான். கடையில் சரம் சரமாக ஷாம்பு தொங்குகிறது, எடுத்துக்கொள்ளடா என்றால், "அது எனக்கு ஒத்துக்காது அத்தா, முடி வறண்டு பூடும்" என்பான். ஈரத்தோடு சீப்பு வைக்கக் கூடாதாம். நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே போக வேண்டுமாம். துண்டால் துவட்டினால் முடி உடையுமாம், அதற்கு அம்மாவின் பழைய மெல்லிய வாயில் துணிச் சேலைதான் வேண்டுமாம். தலையணைக்குப் பட்டுத் துணியில் உறை. மச்சான், என் நிக்காஹ் அன்றைக்குக்கூட நான் பட்டில் தலை வைத்துப் படுத்ததில்லை.

பொறுக்க முடியாமல் அவனைப் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் ரெண்டு அதட்டு அதட்டுவார், பயல் அடங்குவான் என்று எண்ணம். அவர் பயலின் தலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆம்பள முடி வளக்கறதுல தப்பு ஒண்ணும் இல்ல பாய். வளத்தா எண்ணெ தடவி, சீவி, சுத்தமா வெச்சிக்கணும். புள்ள அப்படித்தான வெச்சிக்கிறாரு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதோடு விட்டாரா, முடி கொட்டுகிறதே, என்ன போடுகிறீர்கள் என்று அவனிடமே கேட்டார். பயல் கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சுகிற பக்குவத்தை அங்கேயே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டான். நான் மட்டும் தனியாக வீட்டுக்கு வந்தேன்.

மார்க்கத்தில் தப்பில்லை என்றால் போதுமா? பெண் வீட்டார் ஒத்துக்கொள்ள வேண்டாமா? அவனுக்கு முப்பத்தொன்று முடிகிறது. வந்த சம்பந்தத்தில் மூன்று அந்த முடியிலேயே போயிற்று. அடைப்பு என்று எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வலை வைத்ததும் உங்களுக்குத் தெரியும், அவன் நிக்காஹைப் பார்த்துவிட்டால் போதும் என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கிறவன் நான். அதனால்தான் நீங்கள் உங்கள் ஊர் ஜக்கரியா பாய் மகள் அஸ்ரினைச் சொன்னபோது, ரியாசுதீன் கிராப்பு வைத்திருந்த நாலு வருஷத்துப் பழைய போட்டோவைக் கொடுத்தேன். நீங்களும் தெரிந்தேதான் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள், அதை இப்போது மறக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பார்க்க வருவார்கள், பெரிய சைஸ் தொப்பி ஒன்றை எடுத்து முடியை உள்ளே சுருட்டி வைத்துவிடலாம் என்று ஏற்பாடும் செய்து வைத்திருந்தேன்.

அவர்களுக்கு சனிக்கிழமையே கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் ஏதோ ஜோலி. வந்ததுதான் வந்தோம், ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஜக்கரியா பாயும் கூட இரண்டு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். நான் கடையில். காசிம் பீவி சுகர் டெஸ்டுக்கு ஆஸ்பத்திரியில். உங்கள் மருமகன் தலை குளித்துவிட்டு, திறந்த கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, அம்மாவின் வாயில் சேலையைத் தோளில் போர்த்தி, முடியை முதுகெல்லாம் விரித்துப் போட்டு சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டிருந்திருக்கிறான். காதில் பாட்டு. வந்தவர்கள் மரியாதைப்பட்ட மனிதர்கள். அவர்கள் கண்ணுக்கு அந்நிய வீட்டுப் பெண், தலையில் முக்காடு இல்லை, ஈரக் கூந்தல். அதைப் பார்த்ததும் ஸலாம்கூடச் சொல்லாமல் மூன்று பேரும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு பின்னாலேயே நடந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். அங்கே நம் எதிர்வீட்டு மலர்விழி நின்றிருக்கிறாள். உதவி செய்கிற சுபாவம். "பாயம்மா ஆஸ்பத்திரி போய்க்கிறாங்க, பாய் கடையில கீறாரு. வூட்ல அவுங்க புள்ள மட்டும்தான் தனியா கீறாரு, போய்ப் பாருங்க" என்றாளாம். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

மலர்விழி கடைக்கு வந்து, "உங்க வூட்டுக்கு மணலூர்பேட்டகாருங்க வந்து, உள்ள எட்டிப் பாத்துட்டு, தலைய தொங்கப் போட்டுக்கினு போய்ட்டாங்க பாய்" என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் என்ன நினைத்தேன் என்றால், மாப்பிள்ளையின் முடியைப் பார்த்து அருவருத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தானே நினைப்பார்கள்? கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, அவன் முன்னால் உட்கார்ந்து அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மச்சான், சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். "அழாதீங்க அத்தா, நெஞ்சுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வீரமுத்து சலூனுக்கு நடந்தான், நானும் பின்னாலேயே போனேன். வீரமுத்து கத்திரியை வைத்துக்கொண்டு, "எனக்குக் கை வரல பாய், பொம்பளைங்களுக்குக்கூட இப்பிடி நுனி ஒடையாம நான் பாத்ததில்ல" என்றான். வெட்டுடா என்று நான்தான் சத்தம் போட்டேன். மேலேயும் கீழேயும் ரப்பர் பேண்டு போட்டு, ஒரே வீச்சில் வெட்டி, நியூஸ் பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மீதியைக் கிராப்பாக வெட்டினான். ரியாசுதீன் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்த கையோடு சந்தோஷமாக ஜக்கரியா பாய்க்கு போன் போட்டேன். பேசியதை அப்படியே எழுதுகிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

"மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க பாய். நீங்க வந்து பாத்தீங்களே, அந்த முடிய வெட்டியாச்சு" என்றேன்.

"ஒரு பொண்ணு முடியவா வெட்டனீங்க? நீங்கள்லாம் மனுசங்களா?" என்றார்.

"பொண்ணு இல்லைங்க, அது எங்க பையன்" என்றேன்.

"போட்டோல கிராப்பு வெச்சிக்கினு கீற பையனா?"

"அது பழைய போட்டோங்க."

"அப்ப பொய் போட்டோவா குடுத்தீங்க?"

"பொய் இல்லைங்க, பழசுங்க."

"சரி, வீடியோல பையன காட்டுங்க" என்றார். காட்டினேன். வீரமுத்து வெட்டிய வெட்டில் அவன் அச்சு அசலாக அந்தப் பழைய போட்டோவில் இருந்த மாதிரியே இருந்தான். பார்த்துவிட்டு ஜக்கரியா பாய், "போட்டோல கீற மாதிரியேதான் கீறாரு. போட்டோ கரெக்ட்டுதான். அப்ப அந்தப் பொண்ணு யாரு?" என்றார்.

இருந்த ஒரே சாட்சியை நானே நாற்காலியில் உட்கார வைத்து வெட்டிவிட்டேன். பதறிப்போய் நியூஸ் பேப்பரைப் பிரித்து முடியைத் தூக்கி வீடியோவில் காட்டினேன். பின்னால் அவர் வீட்டுப் பெண்கள் அலறினார்கள். "பாய், நீங்க சவுரி விக்கிறவரு. உங்க கடையில இந்த மாதிரி அம்பது தொங்கும். எங்கிட்டயே காட்றீங்களா?" என்று கட் செய்துவிட்டார். முடியோடு அவன் இருக்கிற போட்டோ ஒன்று காட்டலாம் என்றால் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அந்தக் கோலத்தில் என் வீட்டில் ஒரு படம் இருக்கக் கூடாது என்று தேடித் தேடி அழிக்க வைத்தவன் நான்தான். இப்போது ரியாசுதீன் ரகசியமாக ஒருத்தியைக் கட்டிக்கொண்டான், அவளை வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறோம், கோபத்தில் அவள் முடியையும் அறுத்துவிட்டோம் என்று மணலூர்பேட்டையில் பேச்சாம். காசிம் பீவி மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. பயலோ வேலைக்குப் போகிறான், வருகிறான், தொப்பியைக் கழற்றாமல் படுத்துக்கொள்கிறான். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் கடையிலேயே இருந்துவிடுகிறேன்.

ஆகையால் மச்சான், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நீங்கள் ஜக்கரியா பாயைப் பிடித்து, என் மருமகனுக்கு நடு முதுகு வரைக்கும் முடி இருந்தது, ரம்ஜானில் என் கண்ணாலே பார்த்தேன் என்று பள்ளிவாசல் வாசலிலேயே வைத்துச் சொல்ல வேண்டும். பழைய போட்டோ கொடுத்ததற்குத் திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள், பாதி எனக்குச் சேர்ந்ததுதான். இனி இந்த வீட்டில் ஆம்பளை எவனும் காதுக்குக் கீழே முடி வளர்க்க மாட்டான் என்று என் வாக்காகவே சொல்லலாம்.

உங்கள் வீட்டில் பரக்கத்தும், பிள்ளை நிஷாத்துக்கு நல்ல படிப்பும், எனக்குக் கொஞ்சம் நிம்மதியும் அல்லாஹ் தருவானாக. வீட்டில் அனைவருக்கும் எங்கள் ஸலாம்.

இப்படிக்கு,
வெட்டிவிட்டுத் தவிக்கும்
ஷேக் தாவூது

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது மணலூர்பேட்டையிலிருந்து போன். ஜக்கரியா பாய் இல்லை. அஸ்ரின். மருமகளாக வர வேண்டிய பெண் நேராக மாமனாருக்கே போன் போடுவாளா என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். "மாமா, நாலு நாளா ரெண்டு வூட்லயும் பேசிக்கினே கீறீங்க. என்னை யாராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள். அவளும் உங்கள் நிஷாத்தும் ஒரே காலேஜாம். பேச்சு ஆரம்பித்த அன்றைக்கே ரியாசுதீன் நிஷாத் போனுக்கு, விரித்த முடியோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்பி, பெரியவர்கள் கொடுத்தது பழசு, நான் இப்படித்தான் இருக்கிறேன், பிடித்தால் மட்டும் சரி சொல்லட்டும் என்று எழுதியிருக்கிறான். நிஷாத் காட்டிய அதைப் பார்த்துத்தான் அவள் சரி என்றாளாம். இன்று காலையில் அதைத் தன் அத்தாவிடம் காட்டிவிட்டாள், அவரும் அடங்கிவிட்டார். "மூணு வருசத்துக்கு மேல ஒரு முடிய ஒடையாம பாத்துக்கினவரு, என்னையும் பாத்துக்குவாருன்னு நெனச்சேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மச்சான். அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "அவரு மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல மாமா. ஒரே நாள்ல அத வெட்ட வெச்சீங்களே, உங்க மேலதான் சந்தேகம். முடி மறுபடி தோள தொட்டதும் நிக்காஹ் வெச்சிக்கலாம். அதுவரைக்கும் எண்ணெ நீங்கதான் தேய்க்கணும்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடுங்கள். யாரிடமும் சாட்சி சொல்ல வேண்டாம், கொடுத்த வாக்கையும் திரும்ப எடுத்துக்கொண்டேன். கடிதத்தில் எண்ணெய்க் கறை இருந்தால் மன்னிக்கவும், முதல் தடவை தேய்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். மாசத்துக்கு அரை அங்குலம்தான் வளருமாம். தோளைத் தொட இரண்டு வருஷம் ஆகும் என்கிறான். எனக்கு அறுபத்துமூன்று நடக்கிறது. அதுவரைக்கும் என் ஆயுசுக்கு துஆ செய்யுங்கள்.